ஆண்கடலில் ஒரு நாள்: கயாக்கோடு வந்த மாணவனுக்கு

பதிவு நீளமானது. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தவணையாகப் படியுங்கள். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் நாட்றாம்பாளையத்துக்கு என்னைப் பார்க்க வந்தான். ஓசூரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறான். நாற்பத்தைந்து வயதாகிறது, இன்னும் என் முன்னால் நாற்காலியில் உட்காரத் தயங்குகிறான். கையில் ஒரு பேப்பர் கட்டு. எக்ஸலில் போட்டு அச்செடுத்த பயணத் திட்டம். எட்டுப் பேர், ஆன்லைனில் வாங்கிய காற்றடிக்கும் கயாக் நான்கு, இரண்டு கார். ஆகஸ்ட் 14 இரவு ஷிப்ட் முடித்துக் கிளம்பி விடியற்காலையில் மண்டபம். காலை ஒன்பதரைக்குக் கடலில் இறங்கி மூன்று தீவுகளைச் சுற்றி, ஒரு தீவில் இறங்கிப் பிரியாணி செய்து சாப்பிட்டு, மாலை ஆறு மணிக்குக் கரை.

“சார், நீங்க 94-ல எங்களைக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்தத் தீவுக்குத்தான் சார். நீங்களும் வரணும்.”

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். டீசல் செலவு, சுங்கச்சாவடிக் கட்டணம், அரிசி எத்தனை கிலோ என்பதெல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. காற்று என்ற சொல் அந்தப் பேப்பரில் இல்லை. அனுமதி என்ற சொல்லும் இல்லை. “இதை என்கிட்ட ஒரு வாரம் விட்டுட்டுப் போப்பா” என்றேன். அந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்ததும், முன்பே தெரிந்ததும்தான் இந்தப் பதிவு. அவனுக்கு எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் கயாக்கைப் பற்றி. நம் பக்கத்துப் பிள்ளைகள் இதை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெளிநாடுதான், ஆனால் நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. கிரீன்லாந்து, வட அமெரிக்காவின் வடகோடி ஆகிய இடங்களில் வாழும் இனுயிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்குச் செய்த படகு அது. அங்கே மரம் கிடையாது. கடலில் ஒதுங்கிய கட்டைகளாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தார்கள். இப்போது ஒகேனக்கல் பரிசலை நினைத்துப் பாருங்கள். மூங்கில் பிளாச்சில் கூடை முடைந்து, அதன்மேல் தோல் போர்த்தினார்கள் நம் ஆட்கள். இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. சட்டம் கட்டித் தோல் போர்த்துவது இரண்டிலும் ஒன்றுதான். 1520-ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் ஆனேகுந்திக்குக் கடக்கிற தோல் பரிசல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கூடை மாதிரி வட்டமானவை, பதினைந்து இருபது பேர் ஏறலாம், நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிப் போகின்றன என்கிறார். ஐந்நூறு வருடம் கழித்து இன்றைக்கு ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் பெங்களூர்க்காரரும் இதையேதான் சொல்கிறார்.

பரிசல் சுற்றும், கயாக் நேராகப் போகும். வித்தியாசம் அதுதான். ஆற்றுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று.

நம் கடற்கரைக்கு என்று ஒரு படகு உண்டு. கட்டுமரம். கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அதனால் அந்தப் பெயர். அலை மேலே ஏறினாலும் மூழ்காது, ஏனென்றால் மூழ்குவதற்கு அதில் உள்ளறை கிடையாது. 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி இந்தச் சொல்லை எழுதினார். பின்னால் உலகமெங்கும் ‘கேட்டமரான்’ என்று பரவியது. வெளிநாட்டில் அந்தப் பெயரில் விற்கும் இரட்டை அடிப்பாகப் படகுக்கும் நம் கட்டுமரத்துக்கும் உருவத்தில் சம்பந்தமே இல்லை. பெயரை எடுத்துக்கொண்டு படகை விட்டுவிட்டார்கள்.

இந்தியக் கடலில் கயாக் புதிது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர், பொருளாதார மந்தத்தில் தொழில் போனதால், 1932-இல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் ஒரு மடக்குக் கயாக்கை இறக்கினார். முதலில் சைப்ரஸ் வரை போய்ச் சுரங்கத்தில் வேலை தேடுவதாகத்தான் எண்ணம். போனவர் நிற்கவில்லை. பாரசீக வளைகுடா வழியாக நம் மேற்குக் கரையோரம் இறங்கி, 1935-ஐ ஒட்டி இலங்கைக்கும், பிறகு கிழக்குக் கரையில் சென்னை வழியாகக் கல்கத்தா பக்கமும் போனார். 1939 செப்டம்பரில், ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர் கடந்து ஆஸ்திரேலியாவின் வடக்குத் தீவு ஒன்றில் கரை ஏறியபோது இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்தது. அங்கிருந்த போலீசார் கைகுலுக்கிப் பாராட்டிவிட்டு, எதிரி நாட்டுக்காரர் என்று கைது செய்தார்கள். ஏழு வருடம் பிடித்த பயணம். என் மாணவன் எட்டரை மணி நேரத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறான். இருக்கட்டும்.

இப்போது கடலுக்கு வருகிறேன். ராமேசுவரம் போனவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அங்கே பெண்கடல், ஆண்கடல் என்று இரண்டு சொல்வார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை இந்த ஆண்கடலில்தான், கரையிலிருந்து சுமார் 1 முதல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள், கோர்த்துவிட்ட மாதிரி 21 தீவுகள். மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரை பக்கம் ஏழு, வேம்பார் பக்கம் மூன்று, தூத்துக்குடி பக்கம் நான்கு.

இந்தத் தீவுகளின் பெயர்களைச் சும்மா வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நல்லதண்ணி. உப்புத்தண்ணி. முயல். ஆனைப்பார். புள்ளிவாசல். வாழை. தலையாரி. அப்பா. நான் வகுப்பில் வரைபடம் மாட்டும்போது இந்தப் பெயர்களில் நின்றுவிடுவேன். கடலோடிக்கு முதல் கவலை குடிதண்ணீர். எந்தத் தீவில் தண்ணீர் கிடைக்கும், எதில் கிடைக்காது என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்த மாதிரி இல்லையா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்பது? பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத்திட்டு. முத்துச்சிப்பி விளையும் இடங்களையும் பார் என்றே சொன்னார்கள், தூத்துக்குடிக்கு எதிரே தோளாயிரம் பார் என்று பேர்போன ஒன்று உண்டு. வாசல் என்றால் படகு நுழைகிற வழி. எழுதத் தெரியாதவர்கள் போட்டுக்கொடுத்த வரைபடம் இது. என் மாணவனின் எக்ஸலில் இல்லாத விவரம் இதில் இருக்கிறது.

இந்தக் கடலில் ‘ஒருநாள் பயணம்’ என்பதை ஆயிரம் வருடங்களுக்கு மேல் திட்டமிட்டுச் செய்தவர்கள் முத்துக் குளித்தவர்கள். காலையில் போய் மாலையில் திரும்புவது அல்ல அவர்கள் திட்டம். நடு இரவில் கிளம்புவார்கள். காரணம் எளிது, ஏழாம் வகுப்புப் பாடம்தான். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், அதனால் கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று. இரவில் நிலம் சீக்கிரம் குளிரும், கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று. நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்றில் பாய் விரித்தால் விடியும்போது பாரில் நிற்கலாம். பொழுது ஏறியதும் குளிக்கத் தொடங்குவார்கள். மதியம் நிறுத்தச் சொல்லிக் குறி காட்டுவார்கள். அதற்குள் கடல்காற்று எழும்பியிருக்கும். அதில் பாய் விரித்துக் கரை. கூட்டமாகப் போய்க் கூட்டமாக வர வேண்டும், பிந்தி நிற்க யாருக்கும் உரிமை இல்லை.

என் மாணவன் என்ன எழுதியிருக்கிறான்? காலை ஒன்பதரைக்கு இறக்கம். அதாவது முத்துக் குளித்தவர் பாதி வேலை முடித்த நேரத்தில். மதியத்துக்கு மேல் கடல்காற்று வலுக்கும்போது இவன் தீவில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பான். காற்றடித்த கயாக் தண்ணீருக்கு மேலே மிதக்கிற பலூன், காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். கரைக்காற்றில் மாட்டினால் கடலுக்குள் போகும்.

நேரம் மட்டுமல்ல, மாதமும் தப்பு. முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், மே நடுவுக்குள் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்கு தொடங்காத இடைவெளி அது. தென்மேற்குக் காற்றைக் கடற்கரையில் கச்சான் என்பார்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் உண்மையிலேயே ஆண்கடல்தான். ஆகஸ்ட் 15 என்பது ஆடி மாதக் கடைசி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மலைக்காட்டில் இருக்கும் நாமே சொல்கிறோம். அந்தக் காற்றில் ஆன்லைன் கயாக்!

இந்த முத்துக்குளிப்பின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இறங்குவதற்கு யார் அனுமதி தருவது என்ற கேள்வி அன்றைக்கே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மீன்களை மந்திரத்தால் கட்டுபவருக்கு என்று கணக்குச் சொல்கிறார். சுறா வாயைக் கட்டும் இவர்களைப் பின்னாளில் கடல்கட்டி என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவாராம். அப்படியானால் ராத்திரியில் திருட்டுத்தனமாகக் குளிக்க எவனுக்கு தைரியம் வரும்? காவலுக்குப் படகு விடாமல், சீட்டு எழுதாமல், ஒரு மந்திரத்தால் கடலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை அரசாங்கத்தில் இருந்த எமர்சன் டென்னண்ட், தம் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்று வியந்து எழுதுகிறார். மதம் மாறினாலும் தொழில் மாறவில்லை.

குளித்தவர்கள் பரதவர்களும், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும். 1530-களில் பரதவர்கள் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுக் கிறிஸ்தவம் தழுவியதற்கும் இந்த முத்துக்கடல் யாருடையது என்ற சண்டைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது, பிறகு ஆங்கிலேயர். ராமநாதபுரம் சேதுபதிகளும் தங்கள் பங்கைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொடி மாறியது, பங்கு மாறியது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிட மூச்சில் ஐந்தாறு ஆள் ஆழம் இறங்குகிறவன் மாறவில்லை. சிப்பி எல்லா வருடமும் விளையாது. பல வருடம் பார்கள் வெறுமையாகக் கிடக்கும், ஒரு வருடம் திடீரென்று நிறையும். தூத்துக்குடியில் கடைசியாகத் தொடர்ந்து குளித்தது 1955 முதல் 1961 வரை. அதோடு முடிந்தது.

தீவுகளின் அடுத்த கதை முத்தைவிட மலிவான பொருளைப் பற்றியது, சுண்ணாம்பு. தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை, அதாவது லட்சோபலட்சம் சிறு உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சுண்ணாம்புக் கோட்டை, சூளைக்கும் தொழிற்சாலைக்கும் மூலப்பொருளானது. வள்ளம் வள்ளமாக வெட்டி எடுத்தார்கள். சட்டம் தடுத்த பிறகும் 2000-களின் நடுப்பகுதி வரை நடந்தது. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் அலை நேராகத் தீவின் மணலில் மோதியது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. 21 என்று பாடப்புத்தகம் சொல்லும், இப்போது தண்ணீருக்கு மேலே இருப்பவை 19. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு மிகவும் குறுகிப்போய், செயற்கைப் பாறைகளைக் கடலடியில் இறக்கித்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் கடல்நீர் சூடாகிப் பவளம் வெளுத்துச் சாவதும் சேர்ந்துகொண்டது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தது.

தீவுகளைக் காப்பாற்ற 1986-இல் தமிழ்நாடு அரசு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. அன்று முதல் அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. ஒரு கிளிஞ்சலைக்கூட எடுத்து வரக் கூடாது.

இப்போது 1994-க்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு உரிமை இல்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ராமேசுவரம் சுற்றுலா கூட்டிப்போயிருந்தோம். அதுவரை கடலையே பார்க்காத பிள்ளைகள் பாதிக்கு மேல். கேழ்வரகுக் கொல்லையும் யானையும் தெரியும், கடல் தெரியாது. மண்டபத்தில் ஒரு படகுக்காரர் தலைக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் தீவைக் காட்டுவதாகச் சொன்னார். சமூக அறிவியல் ஆசிரியனான எனக்கு, அது எட்டு வருடமாகத் தேசியப் பூங்கா என்பது தெரியாது. பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். காலுக்குக் கீழே என்ன நொறுங்கியது என்று நான் பார்க்கவில்லை. ஒரு பையன் மான்கொம்பு மாதிரி கிளைத்த ஒரு பவளத்தை ஒடித்துக் கொண்டுவந்து, “சார், இதப் பாருங்க சார்” என்றான். நான் அவனைப் பாராட்டினேன். பள்ளியில் கண்ணாடி அலமாரியில் வைத்து, ‘பவளப்பாறை, மன்னார் வளைகுடா, எட்டாம் வகுப்பு மாணவர்கள் சேகரித்தது’ என்று என் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டினேன். அடுத்து வந்த வருடங்களில் எத்தனை வகுப்புக்கு அதைக் காட்டிப் பாடம் நடத்தினேன் என்பதற்குக் கணக்கில்லை. 2001-இல் பவளங்களை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் சமமாகச் சேர்த்தார்கள். அதுவும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நான் ஓய்வு பெற்று, அலமாரியைக் காலி செய்தபோது அந்தப் பவளத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

நாங்கள் ஐந்து ரூபாயில் போய் இறங்கிய அதே தீவுகளுக்கு, தலைமுறைகளாகப் போய்க்கொண்டிருந்த பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் ஏதோ பூக்கடையில் நிற்பது போல இருக்கும். அவை ஐஸ்கிரீம், மருந்து என்று எங்கெங்கோ சேரும் பொருட்களுக்கு மூலம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் ஒரு கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீருக்குள் கிடப்பார்கள். பூங்கா அறிவிப்புக்குப் பின் அவர்கள் அத்துமீறியவர்களானார்கள். பிடிபடுவதும் பாசியைப் பறிகொடுப்பதும் வழக்கமானது. பிறகு அவர்களே கூடிப் பேசித் தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, பாறையைச் சுரண்டிப் பிடுங்காமல் கையால் கிள்ளி எடுப்பது என்று. அந்தப் பெண்களின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015-இல் தீவுப் பாதுகாப்புக்கான ‘சீகாலஜி’ என்ற சர்வதேச விருது கிடைத்தது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியும். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இல், காவிரி தெற்கு 2022 நவம்பரில். காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, யானைக்கு வேறு இடம் இல்லை. ஆனால் மாட்டைக் காட்டுக்குள் ஓட்டிப் பழகிய நம் பெரியவர்கள் ஒரு நாள் காலையில் எழுந்தபோது காட்டின் விளிம்பில் புதிதாக ஒரு பலகை நின்றது. அதே காட்டுக்கு வார இறுதியில் பைக்கில் வந்து பாட்டில் உடைத்துவிட்டுப் போகும் ஆட்களைப் பார்க்கும்போது நமக்கு எப்படி வயிறு எரிகிறது? நாம் மண்டபத்தில் கயாக்கை இறக்கித் தீவில் பிரியாணி அடுப்பு மூட்டினால், பாசி எடுக்கும் அந்தப் பெண்களுக்கு நாமும் அந்த பைக்காரர்கள்தான்.

இதையெல்லாம் சொன்னால் பையன்கள் “அப்போ போகவே வேண்டாங்கறீங்களா சார்?” என்பார்கள். போகலாம். நானும் வருகிறேன். திட்டத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மாதம் பிப்ரவரிக் கடைசி அல்லது மார்ச். வடகிழக்கு ஓய்ந்து, கச்சான் வருமுன். முதல் நாள் கயாக், ஆனால் ஆண்கடலில் அல்ல. தொண்டிக்குப் பக்கத்தில் பெண்கடல் ஓரத்தில் காரங்காடு என்ற ஊரில், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். ஆழம் குறைவு, காற்று மறைவு, ஊர்ப் பிள்ளைகளே கூட வருவார்கள். கிளம்பும் முன் கேட்டு உறுதி செய்துகொள்வது என் வேலை. வாங்கிய பலூன் கயாக்குகளை ஓசூரிலேயே விட்டுவிட்டு வரவும். கெலவரப்பள்ளி அணையில் விடலாமா என்று ஒருவன் கேட்டிருந்தான், அங்கேயும் கேட்காமல் இறங்காதே.

இரண்டாம் நாள் தீவு. பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவு. அன்றைக்கு ஓடுகிறதா, எத்தனை பேருக்கு இடம் என்பதை முன்னதாகவே மண்டபம் வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். குந்துகால் சாதாரண இடமில்லை, சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இந்திய மண்ணில் கால் வைத்த இடம். குருசடையும் அப்படித்தான். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிர்கள் பற்றி 1890-இல் நூல் வெளியிட்டார். 1927-இல் அதே அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கடலோர உயிர்களுக்கென்றே தனி வெளியீடு கொண்டுவந்தது. முதுகெலும்புள்ளவைக்கும் இல்லாதவைக்கும் நடுவே நிற்கும் பலனோகிளாசஸ் என்ற புழு மாதிரியான உயிருக்காகவே விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போயிருக்கிறார்கள். பிரியாணிக்கு அங்கே இடமில்லை. ராமநாதபுரத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம், ஊர் நல்ல ஊர்.

நேரம்: விடியும்போது தண்ணீரில், பதினொரு மணிக்குள் கரையில். முத்துக் குளித்தவர் கணக்கில் நமக்குப் பாதி போதும். முந்தின நாளே ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் நிலை அறிவிப்பைப் பார்க்க வேண்டும், அலை உயரமும் காற்றின் வேகமும் இருக்கும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால், எந்த எண் கூண்டாக இருந்தாலும், வண்டியைத் திருப்பிவிடுவோம். இவை எல்லாவற்றுக்கும் மேல் அங்கே கரையில் நிற்கும் ஒரு மீனவரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை. பரிசலில் பழகியவனானாலும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. கடலோரக் காவல் எண் 1093, கடலோரக் காவல்படை எண் 1554, இரண்டையும் போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

இதை எழுதி முடித்து நேற்று அவனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். ஆகஸ்டை விட்டுத்தர மனசில்லை, ஆனாலும் சரி என்றான். பிஸ்கட் டப்பாவைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“சார், அத ஒடைச்சது நான்தான் சார். ஞாபகம் இருக்குங்களா?”

இருக்கிறது. யார் என்று தெரிந்துதான் அவனிடம் சொன்னேன். அதைத் திரும்பக் கடலில் போட்டுவிடலாமா என்று கேட்டான். செத்த பவளம், போட்டால் முளைக்காது. நாமாக எதையும் எடுத்தது போலவே நாமாக எதையும் போடவும் வேண்டாம். வனச்சரக அலுவலகத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்கலாம், நீயும் கூட வா என்றேன். வருகிறேன் என்றான்.

வருகிறவர்கள் பொங்கலுக்குள் சொல்லிவிடுங்கள். பெயரோடு எடையையும் சேர்த்துச் சொல்லவும். அங்கியின் அளவுக்காகக் கேட்கிறேன், யாரும் வெட்கப்பட வேண்டாம். நான் 71 கிலோ.